நாலாவது தூண்டில்

“ஏம்ப்பா இவ்வளவு மெதுவாப் போறோம்? ஆமை கூட நம்மளை முந்திடும்.”

“முந்தட்டும். ஆமைக்கு அவசர வேலை ஏதாவது இருக்கும்.”

“மீன் எங்கே இருக்குன்னு பாத்து, அங்கேயே நின்னு பிடிக்கலாம்ல?”

“நிக்கற மீனா இருந்தா பிடிக்கலாம். கிராப்பி ஒரு இடத்துல நிக்காது, ஹேட்டி. கூட்டமா நடு ஏரிக்கு வந்துடும். மேலயும் இல்லாம அடியிலயும் இல்லாம, நடுத் தண்ணில திரிஞ்சிட்டே இருக்கும். நாமதான் தேடிட்டுப் போகணும். வேகமாப் போனா ஜிக் மேல வந்துடும். நின்னா கீழ போயிடும்.”

“அப்போ என்ன வேகம்தான் சரி?”

“உங்கம்மா கோபமா இருக்கறப்போ நான் சத்தமில்லாம வீட்டுக்குள்ள நுழைவேன் பாரு, அந்த வேகம்.”

இந்தப் பேச்சு நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஹேட்டி கூபியாக்குக்கு அப்போது பத்து வயது. இப்போது பதினொன்று. ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் நினைவிருந்தது. அதற்குப் பிறகு அப்பா படகில் ஏறவே இல்லை. அப்படி வேடிக்கையாகப் பேசுவதும் நின்றுபோனது.

ஜிக் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கடலைப் பருப்பு அளவு ஈயத் தலை. அதிலிருந்து வளைந்த ஒரு முள். முள்ளை மறைக்க ரப்பர் வால் ஒன்று. அதைத் தூண்டில் நரம்பின் நுனியில் கட்டி, ஓடும் படகுக்குப் பின்னால் நீளமாக விட வேண்டும். கிராப்பி அதைக் குட்டி மீன் என்று நம்பிக் கடிக்கும். கிராப்பியும் பெரிய மீன் இல்லை. உள்ளங்கை அகலம்தான். இரண்டு மீன் ஒரு வாணலியில் அடங்கிவிடும். விஸ்கான்சினில் எங்கள் ஏரிப் பக்கம் வெள்ளிக்கிழமை ராத்திரி எந்த வீட்டைக் கடந்தாலும் அந்த வறுவல் வாசனை வரும்.

போன நவம்பரில், காகித ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, அப்பாவின் வலது கை உருளைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. மருத்துவமனையிலிருந்து அவர் திரும்பி வந்தபோது அந்தக் கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். அவையும் சரியாக மடங்குவதில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது உதவ வந்தால் முதலில் “பரவாயில்லைங்க” என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்டால் “உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கேட்டால் ஒப்புக்கொள்ளலாம். முதல் தடவையே சரி என்று சொல்பவரை ஊரே ஒரு மாதிரி பார்க்கும்.

அப்பா மூன்றாவது தடவையும் “நானே பாத்துக்கறேன்” என்றார்.

அடுத்த வீட்டு ஆர்வின் வாசலில் பனி அள்ள வந்தார். “நானே பாத்துக்கறேன்.” அம்மா சட்டைக்குப் பொத்தான் போட வந்தாள். “நானே பாத்துக்கறேன்.” பிறகு அப்பா பொத்தான் வைத்த சட்டை போடுவதையே விட்டுவிட்டார். ரொட்டிப் பையைப் பல்லால் பிரித்தார். கார்க் கதவை முழங்கையால் சாத்தினார். நாலாவது தடவை எப்படிக் கேட்பது என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோரும் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், சாப்பாட்டு மேஜையில் அப்பா சொன்னார்.

“ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிஞ்சதும் ஒருத்தர் வர்றார். படகைப் பாக்கறதுக்கு.”

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். “எதுக்கு?”

“பிடிச்சிருந்தா வாங்கிட்டுப் போவார்.”

“வெண்டல், இப்போ அதை விக்கணும்னு என்ன வந்துச்சு?”

“ஒரு ஜிக்கைக் கூட கட்ட முடியாதவனுக்குப் படகு எதுக்கு?”

ஆறு வயது எம்மெட் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். “எனக்கும்தான் கட்டத் தெரியாது. நான் படகுல வர்றதில்லையா?”

யாரும் சிரிக்கவில்லை. எம்மெட் கேட்டது வேடிக்கைக்கும் இல்லை. அவன் பதிலுக்காகக் காத்திருந்துவிட்டு, மறுபடி உருளைக்கிழங்கைத் தின்னத் தொடங்கினான்.

படகை விற்காதீங்கப்பா என்று ஹேட்டியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். பாத்திரம் கழுவும்போது தாழ்ந்த குரலில் சொன்னாள்: “அவரை விடும்மா. நாம எது சொன்னாலும் அவருக்கு வலிக்குது.”

வெள்ளிக்கிழமை காலை அப்பா இன்னொன்றும் சொன்னார். மறுநாள் படகை ஏரியில் இறக்கி மோட்டாரை ஓட்டிப் பார்க்க வேண்டும். வாங்க வருபவர் முன்னால் அது இருமக்கூடாது.

அன்று பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஹேட்டி நேராகக் கார் நிறுத்தும் கொட்டகைக்குப் போனாள். சுவரில் மாட்டியிருந்த நாலு தூண்டில் கோல்களையும் எடுத்தாள். தூசி தட்டினாள். டப்பாவிலிருந்து மஞ்சள் வால் இரண்டு, வெள்ளை வால் இரண்டு என நாலு ஜிக்குகளைப் பொறுக்கினாள். நரம்பை முள்ளின் காதில் நுழைத்தாள். ஐந்து சுற்று சுற்றினாள். நுனியைக் கண்ணிக்குள் விட்டு, எச்சில் தொட்டு, மெல்ல இறுக்கினாள். நாலு முடிச்சும் முடிந்தபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவுக்கு இப்போது கட்டுகிற வேலையே இல்லை. ஏரிக்குப் போனதும் அப்படியே தண்ணீரில் விட்டுவிடலாம். ஒரு மீன் கடித்தால் போதும், அப்பா மனசு மாறிவிடும் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை காலை அம்மா முதியோர் இல்லத்துச் சமையல் வேலைக்குப் போய்விட்டாள். கெட்டில் ஏரியில் படகை இறக்கும் சரிவில் வேறு வண்டியே இல்லை. கரையோர மரங்களில் பாதி மஞ்சளாகியிருந்தது. தண்ணீரின் மேல் ஆவி போலப் பனி எழுந்துகொண்டிருந்தது.

அப்பா இடது கையாலேயே படகைப் பின்னால் தள்ளி இறக்கினார். ஹேட்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எம்மெட் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைக்குள் காது வரை புதைந்திருந்தான்.

ஹேட்டி வண்டியின் பின்னாலிருந்து கோல்களை எடுத்து வந்ததும் அப்பா நின்றார்.

“இது எதுக்கு? மோட்டாரைத்தானே பாக்க வந்தோம்?”

“சும்மா ஓட்டறதுக்குப் பின்னாடி தூண்டில் விட்டுட்டே ஓட்டலாம்னு...”

அப்பா ஒரு ஜிக்கைத் தூக்கிப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். நாலையும் பார்த்தார்.

“யார் கட்டினது?”

“நான்தான். எல்லாமே கட்டிட்டேன்பா. நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்.”

அப்பா ஒரு முடிச்சை இழுத்துச் சோதித்தார். “கெட்டியாத்தான் இருக்கு” என்றார். ஆனால் அவர் முகம், வெளியிலிருந்து யாரோ கதவைச் சாத்தியது போல ஆகிவிட்டது.

எங்கேயோ தப்பு செய்துவிட்டோம் என்று ஹேட்டிக்குப் புரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

மோட்டார் இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. இருமவில்லை. அப்பா பின்பலகையில் உட்கார்ந்து இடது கையால் மோட்டார்ப் பிடியைப் பிடித்துக்கொண்டார். நடு ஏரிக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தார். ஹேட்டி படகின் வலது பக்கம் இரண்டு கோல், இடது பக்கம் இரண்டு கோல் என்று தாங்கிகளில் சொருகினாள். நரம்புகள் பின்னால் நீண்டு, சாம்பல் நிறத் தண்ணீரில் மறைந்தன.

அப்பா பக்கத்தில், தண்ணீருக்கடியில் மீன் இருப்பதைக் காட்டும் சின்னத் திரையில் அவ்வப்போது புள்ளிகள் கூட்டமாக வந்து போயின.

“இதெல்லாம் மீனா?” என்றான் எம்மெட்.

“ஆமா.”

“அப்போ ஏன் கடிக்கலை?”

“அதுங்களைத்தான் கேக்கணும்.”

எம்மெட் விளிம்பில் குனிந்து, தண்ணீரைப் பார்த்து, “ஏன் கடிக்கலை?” என்று கேட்டான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான். “பதில் சொல்ல மாட்டேங்குதுங்க. எனக்குப் பசிக்குது.”

ஹேட்டியின் பையில் சீஸ் துண்டுகள் இருந்தன. எம்மெட் அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கப் பார்த்தான். வரவில்லை. நேராக அப்பாவிடம் நீட்டினான்.

“அப்பா, பிரிச்சுக் குடுங்க.”

அப்பாவின் இடது கை மோட்டார்ப் பிடியை விட்டு நீண்டது.

“கொண்டா, நான் பிரிக்கறேன்” என்று ஹேட்டி பொட்டலத்தைப் பாய்ந்து பறித்தாள். ஒரே இழுப்பில் பிரித்துத் தம்பியிடம் கொடுத்தாள். “அப்பாவைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்கல்ல?”

அப்பாவின் கை நீண்ட இடத்திலேயே ஒரு நொடி நின்றது. பிறகு எதுவும் நடக்காதது போல மோட்டார்ப் பிடிக்குத் திரும்பிப் போனது.

ஹேட்டி அந்தக் கையைப் பார்த்துவிட்டாள்.

அவள் எண்ணிப் பார்த்தாள். நவம்பருக்குப் பிறகு வீட்டில் யாராவது அப்பாவிடம் ஏதாவது கேட்டோமா? ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கவில்லை என்றால் அம்மா ஆர்வின் வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். ஹேட்டியின் சைக்கிள் செயின் கழன்றபோது அவள் அதைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்து, கொட்டகையில் போட்டுவிட்டாள். எம்மெட்டைப் படுக்க வைத்துக் கதை சொல்வதற்குக் கை வேண்டியதே இல்லை. அதைக்கூட அம்மாவே செய்கிறாள். அப்பா ஓய்வெடுக்கட்டும் என்று.

அப்பா யாரையும் எதுவும் கேட்பதில்லை. அப்பாவையும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

நேற்று அவள் கட்டிய நாலு முடிச்சும் அப்படித்தான். நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம் என்று அவளே வாயால் சொல்லியும் விட்டாள்.

அவள் திரும்பித் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்படி இருந்ததால், எம்மெட் ஒரு கோலைத் தாங்கியிலிருந்து உருவியதை அவள் கவனிக்கவில்லை.

“இது கடிச்சிருக்கான்னு பாக்கறேன்” என்று அவன் வேகமாகச் சுற்றினான். தண்ணீரைவிட்டு வெளியே வந்த ஜிக் ஊஞ்சல் போல ஆடி வந்து ஹேட்டியின் ஜாக்கெட் முதுகில் குத்திக்கொண்டது.

“எம்மெட்.”

“கடிச்சிடுச்சு” என்றான் எம்மெட், தப்புச் செய்த குரலில்.

முள் தோலில் படவில்லை. ஆனால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, மிதவைச் சட்டை மூடாத, அவள் கை எட்டாத இடத்தில் மாட்டியிருந்தது. ஜாக்கெட்டைக் கழற்றினால் அவளே எடுத்துவிடலாம். அதற்கு மிதவைச் சட்டையைத் தளர்த்தக் கை போனது. பாதியில் நிறுத்தினாள்.

எழுந்து, மெதுவாகப் பின்பலகைக்குப் போய், அப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“அப்பா, இதை எடுத்து விடுங்க.”

மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

“எம்மெட் எடுக்கட்டும்” என்றார் அப்பா.

“அவன் ஜாக்கெட்டையே கிழிச்சிடுவான். அம்மா என்னைத்தான் திட்டுவாங்க. நீங்க எடுங்கப்பா.”

“நேரமாகும்.”

“ஆகட்டும்.”

அப்பா மோட்டாரை நிறுத்தினார். ஏரி முழுக்க அமைதியானது. ஹேட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முதலில் வலது கையின் மடங்காத கட்டை விரல் துணியை அழுத்திப் பிடிப்பது தெரிந்தது. பிறகு இடது கை முள்ளைத் திருப்பியது. நழுவியது. மறுபடி திருப்பியது. அப்பா பல்லுக்குள் ஏதோ முணுமுணுத்தார். அது எம்மெட் கேட்கக்கூடாத வார்த்தை. எம்மெட் கேட்டுவிட்டான். கண்ணை அகல விரித்தான்.

“வந்துடுச்சு” என்றார் அப்பா.

“கிழிஞ்சிருக்கா?”

“இல்ல. ஓட்டை கூடத் தெரியல.”

“நல்லவேளை” என்றாள் ஹேட்டி. அவ்வளவுதான் சொன்னாள். தன் இடத்துக்குத் திரும்பி வந்தாள். அப்பா மோட்டாரைக் கிளப்பும் முன் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒரு மீனும் கடிக்கவில்லை. ஏரியின் கோடி வந்ததும் அப்பா படகை இடது பக்கமாக வளைத்துத் திருப்பினார். அப்போதுதான் வலது பக்கக் கோல் ஒன்று தலையாட்டியது.

ஹேட்டி எடுத்துச் சுற்றினாள். மெதுவாகத்தான் சுற்றினாள். கிராப்பியின் உதடு காகிதம் போல மெல்லியது. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும். வெள்ளியில் கறுப்புப் புள்ளி தெளித்தது போல ஒரு மீன் மேலே வந்தது. எம்மெட் கைவலையை நீட்டி, மீனோடு தண்ணீரையும் அள்ளி, தன் மடியிலேயே கொட்டிக்கொண்டான்.

பிறகு மறுபடி நேராகப் போனார்கள். கடிக்கவில்லை. அடுத்த கோடியில் அப்பா வலது பக்கமாகத் திருப்பினார். இந்த முறை இடது பக்கக் கோல் வளைந்தது.

ஹேட்டி இரண்டாவது மீனை வாளியில் போட்டுவிட்டு யோசித்தாள்.

“அப்பா, திரும்பறப்போ மட்டும்தான் கடிக்குது. அதுவும் வெளிப்பக்கத்துக் கோல்ல மட்டும்.”

அப்பா திரையிலிருந்து தலையைத் தூக்கினார். “ரெண்டு தடவையும் வெளிப்பக்கமா?”

“ஆமா. முதல்ல வலது. இப்போ இடது.”

“வளையறப்போ வெளிப்பக்கத்துக் கோல் அதிக தூரம் போகணும். அதனால வேகமாப் போகும்.”

“வேகமாப் போனா ஜிக் மேல வந்துடும். நீங்க முன்னாடி சொல்லியிருக்கீங்க.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்போ மீனெல்லாம் மேல இருக்கு” என்றார் அப்பா. “இவ்வளவு நேரமா அதுங்க வயித்துக்குக் கீழயே இழுத்துட்டுப் போயிருக்கோம். கிராப்பிக்கு மேல பாக்கற கண்ணு. கீழ போறதைத் திரும்பிக்கூடப் பாக்காது.”

“நரம்பைக் குறைக்கட்டுமா? எவ்வளவு குறைக்கணும்?”

“பத்து சுத்து. இரு, எட்டு போதும். நான் வேகத்தைக் கொஞ்சம் ஏத்தறேன்.”

“அப்போ நீங்க வேகத்தைப் பாருங்க. எனக்கு அது சரியா வராது.”

அவள் நாலு கோலிலும் எட்டுச் சுற்றுச் சுற்றினாள். அப்பா திரையையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தபடி, பிடியை மயிரிழை அளவு திருப்பினார்.

புள்ளிக் கூட்டத்தின் மேல் படகு போனபோது மூன்று கோல் ஒரே நேரத்தில் வளைந்தது.

அதற்கப்புறம் பேச நேரமில்லை. ஹேட்டி ஒரு கோலைச் சுற்றினாள். அப்பா பிடியை முழங்காலால் அணைத்துக்கொண்டு, இன்னொரு கோலைக் கக்கத்தில் இடுக்கி இடது கையால் சுற்றினார். எம்மெட் வலையோடு இங்கும் அங்கும் திரும்பி, “எது முதல்ல? எது முதல்ல?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வாளிக்குள் வால்கள் படபடவென்று அடித்தன. கூட்டத்தைத் தாண்டிப் போனதும் அப்பா படகை வளைத்து மறுபடி அதன் மேலேயே கொண்டுவந்தார்.

நாலாவது கோல் வளைந்த விதம் வேறு மாதிரி இருந்தது. அது தலையாட்டவில்லை. ஒரேயடியாகத் தண்ணீரைத் தொட்டது. பின்னால் தண்ணீர் பிளந்தது. விறகுக் கட்டை போல நீளமான, பச்சை நிற உடம்பு ஒன்று புரண்டு தெரிந்தது. அடுத்த நொடி கோல் விசுக்கென்று நிமிர்ந்தது. நரம்பு காற்றில் சும்மா ஆடியது.

“என்னப்பா அது?” எம்மெட்டின் குரல் மிதவைச் சட்டைக்குள்ளிருந்து வந்தது.

“மஸ்கி. வாய் நிறையப் பல்லு. நம்ம கிராப்பியைச் சாப்பிட வந்து, ஜிக்கையும் சேத்து முழுங்கிட்டுப் போயிடுச்சு.”

“அதுக்கு வயிறு வலிக்குமா?”

“அது வாத்துக் குஞ்சையே முழுசா முழுங்கும். இதெல்லாம் அதுக்கு மிட்டாய்.”

அப்பா சிரித்தார். சின்னச் சிரிப்புதான். பத்து மாதத்தில் ஹேட்டி பார்த்த முதல் சிரிப்பு.

பிறகு அவர் வெறும் நரம்பைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

அப்போது ஹேட்டியின் கோலில் மீன் இருந்தது. அவள் அதைப் படகுக்குள் தூக்கி வாளியில் போடும் வரை அப்பா காத்திருக்கவில்லை. மோட்டாரை நிறுத்தினார். டப்பாவைத் திறந்து ஒரு மஞ்சள் ஜிக்கை எடுத்தார். ஈயத் தலையைப் பல்லுக்கு நடுவே கடித்துக்கொண்டார். இடது கையால் நரம்பு நுனியை முள்ளின் காதுக்குள் விட்டார். மூன்றாவது முயற்சியில் நுழைந்தது.

அதைச் சுற்றுவதற்குத்தான் இன்னொரு கை வேண்டியிருந்தது. கட்டை விரலால் அழுத்திப் பிடித்து ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவதில் நரம்பு வழுக்கிப் பிரிந்தது. மறுபடி ஆரம்பித்தார். மறுபடி பிரிந்தது.

படகு தானாக மிதந்துகொண்டிருந்தது. ஒரு மஞ்சள் இலை எங்கிருந்தோ பறந்து வந்து பலகையில் விழுந்தது.

ஹேட்டியின் கைகள் இப்போது காலியாக இருந்தன. அரை நிமிட வேலை. ஐந்து சுற்று, ஒரு கண்ணி, எச்சில். அவள் விரல்கள் தானாகவே முன்னால் போயின. நேற்று கட்டிய முடிச்சுகளைப் பார்த்தபோது சாத்திக்கொண்ட அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

முள் நழுவி அப்பாவின் உதட்டில் குத்தியது. ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

எம்மெட் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஹேட்டி ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து, ஒரு சீஸ் துண்டை அந்த வாய்க்குள் வைத்தாள்.

“மூணு தூண்டில் போதும்” என்று அப்பா கோலைக் கீழே வைத்தார். குரல் தேய்ந்திருந்தது. “இன்னும் கொஞ்ச நேரத்துல கிளம்பலாம்.”

போதும் என்று சொன்னால் கிளம்பிவிடுவார்கள். கிளம்பினால் நாளை ஞாயிற்றுக்கிழமை. ஹேட்டிக்கு அழுகை வந்தது. நான் கட்டறேன் என்று சொல்லிவிடத் துடித்தது. சொன்னால் அவர் என்ன பதில் சொல்வார் என்றும் தெரியும். அந்தப் பதிலை வீட்டில் எல்லோரும் மூன்று தடவை கேட்டாகிவிட்டது.

அவள் திரையைப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட இல்லை.

“அப்பா, நாம மிதந்து எங்கேயோ வந்துட்டோம். அந்தக் கூட்டம் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல. எனக்குத் தண்ணியெல்லாம் ஒரே மாதிரி இருக்கு. நீங்கதான் கொண்டுபோகணும்.”

அப்பா உதட்டைத் துடைத்துக்கொண்டார். கரையைப் பார்த்தார். சாய்ந்து நிற்கும் ஒரு பைன் மரத்தைப் பார்த்தார். திரும்பி, எதிர்க்கரையில் ஒரு வீட்டின் சிவப்புக் கூரையைப் பார்த்தார்.

“ரெண்டுக்கும் நடுவுல” என்றார்.

மோட்டார் கிளம்பியது. ஹேட்டி மூன்று கோல்களையும் மறுபடி சொருகினாள். எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எம்மெட்கூட. படகு அந்தக் காலியான சாம்பல் தண்ணீரின் மேல், நடைவேகத்தைவிட மெதுவாக, சந்தேகமே இல்லாமல் போனது.

திரையில் ஒரு புள்ளி வந்தது. பிறகு இரண்டு. பிறகு கூட்டமாக.

“எப்படிப்பா?” என்றாள் ஹேட்டி. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள். “என்னால இதைக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது.”

“இருபது வருஷமா இதே தண்ணி” என்றார் அப்பா. “கண்ணு இருக்கே.”

சொல்லிவிட்டு அவரே தன் கையைக் குனிந்து பார்த்தார்.

வலது பக்கத்தில் இரண்டு கோல். இடது பக்கத்தில் ஒன்று. அதற்குப் பக்கத்தில் இருந்த தாங்கி வெறுமையாக இருந்தது. அப்பா அந்தத் தாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹேட்டி அவர் பார்ப்பதைப் பார்த்தாள். பார்க்காதது போல வாளியிலிருந்த மீன்களின் மேல் கண்ணை வைத்துக்கொண்டாள்.

அப்பா குனிந்து நாலாவது கோலை எடுத்தார். மஞ்சள் ஜிக்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அதைப் பல்லுக்குக் கொண்டு போகவில்லை.

“ஹேட்டி.”

“ம்.”

தண்ணீர் படகின் பக்கத்தில் மெல்லத் தட்டியது. அப்பா உள்ளங்கையை அவள் பக்கமாக நீட்டினார்.

“எனக்கு இதைக் கட்டிக் குடுக்கறியா? இன்னிக்கு மட்டும் இல்ல. இனிமே எப்பவும்.”